பதினேழு ஆணி

பின் சக்கரத்தின் டயருக்குள் லீவரைச் செருகி அவள் நெம்பிக்கொண்டிருந்தபோது தோள்மேல் ஈரமாக ஏதோ சொட்டியது. காக்கை என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் பெயிண்ட் வாளியோடு ஒருவன் மரத்தை ஒட்டி நின்றிருந்தான். பிரஷ்ஷிலிருந்து வெள்ளை பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது.

“ட்யூபை எல்லாம் எடும்மா. நம்பர் போடணும்.”

“எதுக்கு நம்பர்?”

“போடச் சொன்னாங்க, போடறேன். எடுன்னா எடேன்.”

லீவரை இப்போது விட்டால் டயர் பழையபடி ரிம்முக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலும் மாட்டும். “ரெண்டு நிமிஷம் இரு” என்றாள். இரண்டு நிமிஷம் இருக்கிற ஆள் இல்லை அவன். ஆணியில் தொங்கிய ட்யூப்களை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மறு கையால் 7 என்று எழுதினான். அதற்குக் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டான். புதிதாக வாங்கி மாட்டியிருந்த ட்யூப் ஒன்றின்மேல் குறியின் ஒரு கால் ஏறிவிட்டது. அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல எட்டாவது மரத்துக்குப் போனான்.

சக்கரத்துக்காகக் காத்திருந்த கூரியர்க்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். “ரோட்டை அகலப்படுத்தறாங்கக்கா. பன்னெண்டு மரமும் போகுதாம். உங்களுக்குத் தெரியாதா?”

“நான் என்ன மந்திரியா, என்கிட்ட வந்து சொல்லிட்டு வெட்டறதுக்கு?”

அந்தத் தெருவில் அவள் எல்லாருக்கும் பஞ்சர் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வளைவு வரைக்கும் பன்னிரண்டு தூங்குமூஞ்சி மரங்கள். ஒன்றின் கிளை அடுத்ததற்குள் புகுந்து ரோட்டுக்கே கூரை போட்டிருந்தன. முதல் மரத்தடியில் சாவி செய்கிறவர், மூன்றாவதில் தையல் மிஷின், ஐந்தாவதில் பழச்சாறு விற்கும் புருஷனும் பெண்டாட்டியும் என்று ஆளாளுக்கு ஒரு மரம். நான்காவது மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரே நின்றது. அங்கே யாராவது உட்கார்ந்தால் வாட்ச்மேன் விரட்டிவிடுவார். ஏழாவது இவளுடையது. கடையைப் போட்டது இவள் புருஷன். போட்ட மூன்றாம் மாதமே அவனுக்கு லாரி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. பம்ப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் இவள் தலையில் கட்டிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டான். அது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது.

மத்தியானம் டிப்பரை ஓரங்கட்டிவிட்டு அவன் சாப்பிட வந்தான். மரத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“போட்டுட்டானுங்களா? கான்ட்ராக்டரு நம்மாளுதான். மண்ணு, ஜல்லி, மரம்னு ரெண்டு வருஷத்துக்கு லோடு இருக்குன்னு சூப்பர்வைசர் சொன்னான். இனிமே எவன்கிட்டயும் போயி வேலை இருக்கான்னு பல்லிளிக்க வேண்டியதில்ல.”

“எனக்கு?”

“உனக்கென்ன? வேற மரம் பாத்துக்கோ. மரமா இல்ல?”

“மரம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஆளும் இருக்கு. போய் எந்திரிங்கன்னு சொல்லட்டுமா?”

“அப்ப ஒரு குடையைக் கட்டிக்கிட்டு உக்காரு.”

“கடையைப் போட்டது நீங்க. வெயில்ல சொலூஷன் நிக்குமா நிக்காதான்னு உங்களுக்குத் தெரியாது?”

அவனுக்குத் தெரியும். சொலூஷன் பசையைத் தடவி, ஊதி, விரலில் ஒட்டியும் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்து பேட்ச்சை அழுத்த வேண்டும். வெயிலில் தடவின கையோடு மேலே ஆடை கட்டிவிடும். அதன்மேல் பேட்ச் வைத்தால் ஒட்டினதுபோல இருக்கும், இரண்டு தெரு தாண்டினதும் காற்று இறங்கிவிடும். வந்தவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்து திட்டுவான், அதோடு வேறு கடை பார்த்துக்கொள்வான். குடை கட்டினாலும் தார் ரோட்டிலிருந்து அனல் கீழ்வழியாக வரும். இதெல்லாம் தெரிந்தும் அவன் கையைக் கழுவிக்கொண்டு, “எதைச் சொன்னாலும் ஒரு பதில் வெச்சிருப்ப” என்று வண்டியில் ஏறினான்.

மூன்றாம் நாள் காலேஜ் மேடம் வந்தார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. முப்பது வருஷம் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காலையில் நடக்கப் போகும்போது இவள் கடையைத் தாண்டுகிற வரைக்கும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். போன வருஷம் இவளுடைய பழைய டயர்களை அள்ளிக்கொண்டு போகக் குப்பை வண்டியை வரவழைத்ததும் அவர்தான். கொசு முட்டையிடுகிறது என்று மனு எழுதிப் போட்டிருந்தார். அன்றைக்கு வண்டிக்காரரிடம் கையை நீட்டி இவளைக் காட்டினாரே தவிர, இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பஞ்சர் அக்கா” என்றார் இப்போது.

டயருக்குத்தான் வந்திருக்கிறார் என்று இவள் பதறி எழுந்தாள். “எல்லா டயருலயும் ஓட்டை போட்டுட்டேன் மேடம். தண்ணி நிக்காது.”

“அதை விடுங்க. மரத்தை வெட்டப் போறாங்க, தெரியுமில்ல? நாங்க விடப் போறதில்ல. கையெழுத்து வாங்கறோம். இந்த நிழல்ல பிழைக்கிறவங்க நீங்க. எங்களுக்கு அழகு போகும், காத்து போகும், உங்களுக்குப் பிழைப்பே போகும். நீங்க பேசினா எடுபடும்.”

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இவள் கையைத் துணியில் துடைத்துவிட்டு, பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளில் விரல் ரேகை கறுப்பாகப் பதிந்தது. மேடம் அந்த மூலையைப் பிடிக்காமல் வேறு பக்கமாக வாங்கிக்கொண்டார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தவர் ஆணிகளைக் கவனித்தார்.

இவளுக்குத் திக்கென்றது. “ட்யூப் மாட்டறதுக்கு அடிச்சேன் மேடம். தப்புங்களா?”

“இந்த வயசு மரத்துக்கு இதெல்லாம் கொசுக்கடி மாதிரி. பட்டை வளந்து தானா மூடிக்கும். ஒண்ணும் ஆகாது.” படித்தவர் வாயால் அதைக் கேட்டதில் இவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மரம் அறுக்க ஆட்கள் வந்த அன்று காலை ஆறரைக்கே குடியிருப்பு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். தொப்பி, பிளாஸ்க், கையில் அட்டை. மரத்துக்கு நாலு பேராகக் கைகோத்து நின்றார்கள். சாவிக்காரரும் தையல்காரரும் அன்றைக்குக் கடையைத் திறக்காமல் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வம்பு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, மூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரி எதற்கோ கூட நின்று தையல்காரர் மிஷினைப் பறிகொடுத்திருந்தார். ஏழாவது மரத்தில் இவள் மட்டும் நின்றாள்.

ரம்பத்தோடு வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நான்காவது மரத்துக்குக் கிட்டே போனதும், ஒரு பெண் அவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி, “கொலைகாரன் மூஞ்சியை எல்லாரும் பாத்துக்கங்க” என்றாள்.

ரம்பக்காரர் நின்றார். “உங்க வீட்டுல கதவு இருக்கா, கட்டில் இருக்கா? அதெல்லாம் ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சா? கூலிக்கு வந்தவன் மேல எதுக்கு பாயறீங்க, அனுப்பினவன் மேல பாயுங்க. அவன் ஏசி கார்ல உக்காந்திருக்கான், பாருங்க.”

யாரும் காரைப் பார்க்கவில்லை. கூச்சல் கூடியது. அந்த நேரத்தில்தான் டிப்பர் வளைவு திரும்பி வந்தது. அறுத்ததை ஏற்றிப் போக வந்த வண்டி. உள்ளே இவள் புருஷன். இவள் என்ன நினைத்தாளோ, மரத்தை விட்டு நகர்ந்து ரோட்டின் நடுவில் போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “நகருடி.”

“மாட்டேன்.”

“எல்லாரும் பாக்கறாங்க. மானத்தை வாங்காத. நகரு.”

“பாக்கட்டும்.”

அவன் ஹாரனை அமுக்கினான். கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தான். இஞ்சின் சூடு அவள் முகத்தில் அடித்தது. நாலைந்து செல்போன்கள் அவளைச் சுற்றி வந்துவிட்டன. காரிலிருந்து இறங்கி வந்த சூப்பர்வைசர் டிப்பரின் கதவைத் தட்டினான்.

“உன் பொண்டாட்டியா?”

புருஷன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

“பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் எப்படிரா வண்டியை அடக்குவ? சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. இந்தப் பஞ்சாயத்து முடிஞ்சதும் பாத்துக்கலாம்.”

அவன் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினான். இவளைத் தாண்டிப் போகும்போது காலடியில் காறித் துப்பினான். அன்றைக்கு மரம் எதுவும் வெட்டப்படவில்லை. அதிகாரி நேரில் வந்து விசாரிக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று பத்து மணிக்குள் உத்தரவு வந்துவிட்டது. மேடம் ஆட்கள் கைதட்டினார்கள். வீட்டில் அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவன் தட்டைத் தானே எடுத்து, தானே போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டான். ஒரே அறை, எங்கே திரும்பினாலும் அவன் முதுகுதான் தெரிந்தது.

இவள் வண்டிக்கு முன்னால் நின்ற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கூரியர்க்காரர் கொண்டுவந்து காட்டினார். அதில் புருஷன் முகம் தெரியவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. மேடம் இவள் தோளைத் தொட்டு, “நீங்கதான் நம்ம போராட்டத்துக்கே முகம்” என்றார். கைக்குட்டையை அன்றைக்கு எடுக்கவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி மெலிந்த ஆள். பன்னிரண்டு மரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் ரோடு என்ஜினியர், காலேஜ் மேடம், சூப்பர்வைசர் எல்லாரும் வந்தார்கள். ரோட்டை ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டால் மரங்களைக் காப்பாற்றலாம் என்று மேடம் வரைபடம் கொண்டுவந்திருந்தார். என்ஜினியர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“தள்ளிப் போடலாம் சார். ஆனா பஸ் நின்னு கிளம்ப ஒரு இடம் வேணும். அதுக்கு ஒரு மரமாவது போயாகணும். நாலாம் நம்பர்தான் தோதான இடம்.”

மேடம் முகம் சுண்டிப்போனது. நாலாம் நம்பர் அவர் வீட்டு பால்கனிக்கு நேராக நின்றது. “அதெல்லாம் அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு அதிகாரியை ஏழாவது மரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். “இவங்க பிழைப்பை நீங்க கேக்கணும். இந்த மரம் போச்சுன்னா இவங்க எங்க போவாங்க?”

சூப்பர்வைசர் குறுக்கே வந்தான். “சார், இதெல்லாம் நாடகம். இந்தம்மா போன மாசம்தான் வந்து உக்காந்திச்சு. போராட்டத்துக்குன்னு இவங்களே புடிச்சிட்டு வந்த ஆளு.”

“போன மாசமா?” என்றாள் இவள். “வாய் கூசாம சொல்றியே. உன் பைக்குக்கு நான் எத்தனை தடவை காத்து அடிச்சிருக்கேன்.”

“ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?” அதிகாரி கேட்டார். “லைசென்ஸ், ரசீது, வாடகைச் சீட்டு, ஏதாவது?”

மரத்தடிக்கு யார் சீட்டு கொடுப்பார்கள்? மேடத்தைப் பார்த்தாள். மேடம் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதாரம் காட்டாவிட்டால் சூப்பர்வைசர் சொன்னதுதான் தாளில் ஏறும் என்று புரிந்ததும் இவளுக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது.

“இங்க வாங்க சார்” என்று மரத்துக்குக் கிட்டே கூப்பிட்டாள். தொங்கிய ட்யூப்களை எல்லாம் கழற்றிக் கீழே போட்டாள். “இந்த ஆணி இந்த வருஷம் அடிச்சது. முழுசா வெளிய நிக்குது, பாருங்க. இது போன வருஷத்தது, பாதி உள்ள போயிடுச்சு. இதுல தலை மட்டும்தான் தெரியுது. மரம் பெருத்துக்கிட்டே வரும், ஆணியை முழுங்கிரும். ட்யூப் மாட்ட இடம் இல்லாமப் போயிரும். அதுக்காக வருஷத்துக்கு ஒண்ணு புதுசா அடிப்பேன்.” உள்ளங்கையால் பட்டையை மேலிருந்து கீழாகத் தடவினாள். “இந்த மேடு தெரியுதா? இதுக்குள்ள ஒண்ணு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. முதல் ஆணி உங்க நெஞ்சு உசரத்துல எங்கயோ ஆழத்துல கெடக்கு. மொத்தம் பதினேழு. பதினேழு வருஷம். என் ஆதாரம் இதான்.”

அதிகாரி விரலால் மேடுகளைத் தொட்டுப் பார்த்தார். முதல்முறையாக அக்கறையாகக் கேட்டார். “பதினேழுன்னு உறுதியாத் தெரியுமா?”

“அடிச்சவளுக்குத் தெரியாதா?”

“எல்லாம் இரும்பு ஆணியா?”

“நல்ல இரும்பு சார். நாலு அங்குலம்.”

அவர் எழுதிக்கொண்டார். சூப்பர்வைசர் வாயை மூடிக்கொண்டான். இவள் ட்யூப்களைத் திரும்ப மாட்டும்போது, பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் வீட்டில் புருஷன் முதுகைப் பார்த்து, “இன்னிக்கு உங்க சூப்பர்வைசர் மூஞ்சியில ஈயாடல” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, பெயிண்ட் அடித்த அதே ஆள் ஒரு கம்பித் தேய்ப்பானோடு வந்தான். முதல் மரத்திலிருந்து வரிசையாகப் பெருக்கல் குறியைச் சுரண்டிக்கொண்டே வந்தான். நான்காவதைச் சுரண்டினான். ஐந்து, ஆறு. ஏழாவதைத் தாண்டி எட்டுக்குப் போனான்.

“யோவ், இதை விட்டுட்டுப் போற?”

“அது லிஸ்டுல இல்லம்மா.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளுடைய மரத்தில் வைத்தான். ஒட்டப் பசை கொண்டுவராததால் அவளுடைய ஆணி ஒன்றிலேயே குத்திவிட்டுப் போனான்.

அவள் ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். மெதுவாகத்தான் படித்தாள், ஆனால் முழுசாகப் படித்தாள். பதினோரு மரங்கள் காக்கப்படும். மரம் எண் ஏழு: தண்டினுள் பதினேழு இரும்பு ஆணிகள் உள்ளதாகப் பயன்படுத்துபவரே வாக்குமூலம் அளித்துள்ளார், இதனால் மரம் உள்ளே பழுதடைந்து பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கலாம், பேருந்து நிறுத்தத்துக்காக அகற்றலாம். கீழே மூன்று கையெழுத்து. ஒன்று அதிகாரி, ஒன்று என்ஜினியர். மூன்றாவது குடியிருப்புச் சங்கத் தலைவி.

கையைக்கூடத் துடைக்காமல் அவள் அடுக்குமாடிக் கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் தடுத்தார். “மேடம் தூங்கறாங்க.” இவள் நகரவில்லை. மேலே பால்கனியில் யாரோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேடமே இறங்கி வந்தார். கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“கொசுக்கடின்னு சொன்னீங்களே மேடம்.”

“இங்க பாருங்க, நான் எவ்வளவோ பேசினேன். ஒண்ணையாவது குடுக்காம அவங்க விட மாட்டாங்க. பன்னெண்டுல பதினொண்ணு காப்பாத்தியிருக்கோம். இது பெரிய வெற்றி.”

“அந்த ஒண்ணு நாலாம் நம்பரா இருந்திருக்கலாமே. என்ஜினியரு அதைத்தானே கேட்டாரு?”

“நாலாம் நம்பர் நல்ல மரம். அதுல ஒரு ஆணி கூட இல்ல.”

“இருக்காது. அங்க எவளும் உக்காந்து பிழைக்கலையே.”

மேடத்தின் குரல் மாறியது. “ஆணி அடிச்சது நான் இல்ல. பதினேழுன்னு எண்ணிச் சொன்னதும் நான் இல்ல. உன்னை யாரு சொல்லச் சொன்னா? பிழைப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுன்னு கூட்டிட்டு வந்தா, நீயே உன் வாயால குடுத்துட்ட.”

நீங்க என்பது நீ ஆகிவிட்டது. இவள் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பளபளவென்று பெயிண்ட் அடித்த கேட்டில் நாலு விரலும் கறுப்பாக விழுந்திருந்தன. வாட்ச்மேன் உடனே துணியை எடுத்துக்கொண்டு வந்தார். இவளுக்கு வந்த எரிச்சலில் பாதி மேடத்தின்மேல், பாதி தன்மேலேயே. அதிகாரி முன்னால் பெருமையாகப் பட்டையைத் தடவிக் காட்டிய கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

வெட்ட வந்தது அதே மூன்று பேர்தான். இந்த முறை கைகோத்து நிற்க யாரும் வரவில்லை. ரம்பக்காரர் மரத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், பிறகு இவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பதினேழு ஆணின்னு எழுதியிருக்கு. எங்கெங்க இருக்குன்னு காட்டும்மா. சங்கிலி ஆணியில பட்டா அறுந்து மேல வந்து அடிக்கும். போன வருஷம் என் கூட்டாளிக்குக் கன்னம் பிளந்துபோச்சு.”

“ரிப்போர்ட் எழுதினவங்களைக் கேளு.”

“அவங்க வர மாட்டாங்க. வெளிய தெரியறதைப் புடுங்கிட்டு, உள்ள இருக்கறதுக்கு ஒரு குறி போட்டுக் குடு. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு.”

“எனக்கு இந்த மரம் இருந்துச்சு.”

“நான் வெட்டலைன்னா வேற ஒருத்தன் வெட்டுவான். உனக்குத் தெரியாததா?”

அவள் தண்ணீர்த் தொட்டியில் கையை அளைந்துகொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து குறடை எடுத்தாள். வெளியே நின்ற ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பிடுங்கினாள். இந்த வருஷத்தது சுலபமாக வந்தது. போன வருஷத்தது பட்டையோடு பிய்த்துக்கொண்டு வந்தது, அந்த இடத்தில் பிசின் கசிந்தது. புதைந்துபோனவற்றைக் கண்ணால் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவித்தான் கண்டுபிடித்தாள். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போனாள். பதினாறு ஆனது. முதல் ஆணி அகப்படவில்லை.

“இந்த ஒரு சாண் அகலத்துக்கு ரம்பத்தை வைக்காத” என்றாள். “இதுக்குள்ள எங்கயோ இருக்கு.”

“சரிம்மா” என்றார் அவர்.

டிப்பர் பின்பக்கமாக வந்தது. சாவி புருஷன் கைக்கே திரும்பி வந்திருந்தது. அவன் இறங்கி, அவளுடைய தண்ணீர்த் தொட்டியையும் சாமான் பெட்டியையும் பம்ப்பையும் தூக்கி நடைபாதை ஓரத்தில் வைத்தான். தொட்டித் தண்ணீர் சிந்தாமல் பார்த்து வைத்தான். பிறகு போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

கிளைகள் விழத் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். நான்காவது மரத்தடியில் நாற்காலிகள் போட்டார்கள். மைக் வைத்தார்கள். போராட்டத்தில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லும் கூட்டம். அங்கிருந்து ஒருவர் ஓடி வந்து ரம்பக்காரரிடம் கையை ஆட்டினார். “கொஞ்சம் நிறுத்துப்பா. மேடம் பேசறாங்க. சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பத்து நிமிஷம் போதும்.”

ரம்பம் நின்றது. ரம்பக்காரர் பாதி வெட்டின மரத்தின் மிச்சமிருந்த நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மைக்கில் மேடம் குரல் தெளிவாகக் கேட்டது. மரங்கள் நம் மூச்சு என்றார். ஒரு சாதாரண உழைக்கும் பெண் லாரிக்கு முன்னால் நின்ற காட்சியை மறக்க முடியாது என்றார். கைதட்டினார்கள். இரண்டு பேர் வந்து இவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். “வாங்கக்கா, நீங்க இல்லாம எப்படி?”

“வேலை இருக்கு” என்றாள்.

அவர்கள் போய்விட்டு, மறுபடி வந்தார்கள். போன ஒரு மரத்துக்குப் பதிலாக ஒரு கன்று கொண்டுவந்தார்கள். நடைபாதை ஓரத்தில், அவளுடைய பெட்டிக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி நட்டார்கள். முழங்கால் உயரம், ஏழெட்டு இலை. சுற்றிக் கம்பிவலை கட்டி, வலையில் சங்கத்தின் பெயர் எழுதின தகட்டை மாட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். “நீங்கதானே நாள் பூரா இங்க இருக்கப் போறீங்க. ரெண்டு வேளை தண்ணி ஊத்திடுங்க” என்று சொல்லிவிட்டு நான்காவது மரத்தடிக்குத் திரும்பிப் போனார்கள். ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.

மத்தியானத்துக்குள் மரம் இருந்த இடம் வெட்டவெளி ஆகிவிட்டது. கடைசி லோடும் போய்விட்டது. பள்ளிக்கூட ஆயா ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இவள் சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொலூஷன் தடவினாள். ஊதுவதற்குள் ஆடை கட்டிவிட்டது. சுரண்டிவிட்டு மறுபடி தடவினாள். மறுபடியும் அப்படியே ஆனது. டப்பாவுக்குள்ளேயே சொலூஷன் திரண்டுகொண்டு வந்தது.

“நேரமாகுதுக்கா” என்றாள் ஆயா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

“ஆகுது, இரு.”

அவள் சுற்றிலும் பார்த்தாள். கம்பிவலைக்கு வெளியே, தரையில், கன்றின் நிழல் ஒரு உள்ளங்கை அளவுக்கு விழுந்திருந்தது. சொலூஷன் டப்பாவை எடுத்து அதில் வைத்தாள். டப்பா நிழலுக்குள் வந்துவிட்டது. அவள் வெயிலில் குனிந்து மூன்றாம் முறை தேய்த்தாள்; நிழல் தள்ளிப் போனபோது டப்பாவையும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.